கொடுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு

(கிறிஸ்துமஸ் பெருநாளையொட்டி, போர்ட் கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கிறிஸ்துமஸ் பெருநாள் நெருங்கி வருகிறது. இங்கே கூடியிருப்போரில் கிறிஸ்துவர்களும் இருக்கின்றீர்கள். இந்துக்களும் இஸ்லாமியர்களும் இருக்கின்றீர்கள். ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் வாழ்ந்து பழகிய நமக்கு அடுத்த வீட்டுப் பெருநாள் அந்நியமானதன்று. தீபாவளிப் பலகாரம் சுவர் தாண்டிச் செல்வதும், கிறிஸ்துமஸ் கேக் சுவர் தாண்டி வருவதும் நம் வாழ்க்கையில் வழக்கமாகிவிட்டவை. ஆகவே, கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி நான் இன்று கூறப் போகும் கருத்துகள் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியவை அல்ல. பெருநாள் கொண்டாடும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அவை பொருந்தும்.

பரிசு கொடுப்பது நல்ல பண்பு. அதனைக் குறை கூற நான் இங்கு வரவில்லை. ஆனால், யாருக்குக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்கிறோம், எந்தப் பணத்தில் கொடுக்கிறோம் என்னும் மூன்று கேள்விகளை நாம் கேட்டுக் கொள்கிறோமா என்பதே என் வினா.

பரிசின் பிறப்பிடம்

கிறிஸ்துமஸ் பரிசு என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருபவர் சிவப்பு அங்கியும் வெண்தாடியும் கொண்ட கிறிஸ்துமஸ் தாத்தா. அவருக்கு மூலமாக விளங்கியவர் புனித நிக்கலஸ். இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மீரா என்னும் ஊரில், நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் அவர். வரதட்சணை கொடுக்க வழியற்ற ஓர் ஏழைத் தந்தைக்கு மூன்று பெண்மக்கள் இருந்தனராம். அவர்களின் வாழ்வு சீரழியாதிருக்க, இரவு நேரத்தில் யாரும் அறியாமல் பொன் முடிப்புகளை அவ்வீட்டினுள் போட்டுச் சென்றார் நிக்கலஸ் என்பது வழிவழியாக வரும் கதை.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. கொடுத்த பொருள் அக்குடும்பத்திற்கு மிகவும் தேவையாக இருந்தது. கொடுத்தவர் கடன் வாங்கிக் கொடுக்கவில்லை. பெற்றவர் தலைகுனிய நேரவில்லை. பரிசின் பிறப்பிடம் இத்தகையது. கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளும் பளபளக்கும் தாள்களும் பின்னர் வந்து சேர்ந்தவை.

நம் வீட்டுக் கணக்கு

ரப்பர் மரத்தை நம்பி வாழும் குடும்பத்தின் ஆண்டுக் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. மரம் நனைந்துவிட்டால் பால் வெட்ட இயலாது. வெட்டிய பாலும் மழைநீரில் கரைந்து போகும். கிழக்குக் கரை மாநிலங்களில் உள்ளோர் இதனை மற்றவர்களைவிட நன்கு அறிவர். வேலை நாள் குறையும் அதே மாதத்தில் பெருநாள் வருகிறது. அது முடிந்ததும் பள்ளி திறக்கிறது. இடையில் சில ஆண்டுகள் பள்ளித் தவணை மார்ச் மாதத்திற்குத் தள்ளிப் போயிருந்தது. 2026ஆம் ஆண்டு முதல் மீண்டும் ஜனவரியிலேயே பள்ளிகள் திறக்கத் தொடங்கியுள்ளன. சீருடை, காலணி, பை, புத்தகம் ஆகிய செலவுகள் அனைத்தும் பெருநாளின் வாலைப் பிடித்துக்கொண்டே வருகின்றன. அதன் பிறகு, பிப்ரவரி மாதம் தொடங்கி இலையுதிர் காலம். அப்போது பால் வற்றும், வருமானமும் வற்றும்.

ஆகவே, டிசம்பரில் வாங்கிய கடனை நாம் அடைக்க வேண்டிய மாதங்கள், நம் கையில் பணம் மிகக் குறைவாக இருக்கும் மாதங்களாகும். இதை வியாபாரி எண்ணிப் பார்க்கப் போவதில்லை. நாம்தான் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளம் பெறும் ஒரு தந்தை, மகனின் ஆசைக்காக 850 வெள்ளி விலையுள்ள கைப்பேசி ஒன்றைத் தவணையில் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு மாத உழைப்பில் சரிபாதி அதிலே போயிற்று. முன்பெல்லாம் தவணையில் பொருள் வாங்கக் கடைக்குச் சென்று கையொப்பம் இட வேண்டும். இன்றோ திரையில் ஒரு விரல் தட்டினால் கடனும் வருகிறது, பொருளும் வருகிறது. அத்தவணையைச் செலுத்த முடியாமல் வட்டி முதலைகளிடம் சென்று சிக்கிய குடும்பங்களின் துயரத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பரிசு என்று வீட்டுக்குள் வந்த பொருள், வீட்டின் நிம்மதியை வெளியே கொண்டு போய்விடலாகாது.

அப்படியானால் பெருநாளன்று வெறுங்கையுடன் இருப்பதா? அன்று. சிறிய தொகையும் சிறிது உழைப்பும் கொண்டு பெரிய பரிசுகளை உலகில் பலர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுள் சிலரைப் பற்றி இப்போது கூறுகிறேன்.

அஞ்சல் எழுத்தர் ஒருவரின் எண்ணம்

டென்மார்க் நாட்டில் ஐனார் ஹோல்பெல் என்னும் அஞ்சலக எழுத்தர் ஒருவர் இருந்தார். கிறிஸ்துமஸ் காலத்தில் மலைபோல் குவிந்த வாழ்த்து மடல்களைப் பிரித்துக் கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஒவ்வொரு மடலிலும் அஞ்சல் தலையுடன், சிறு விலையில் மற்றுமொரு வில்லையும் ஒட்டப்பட்டால், அந்தப் பணத்தைக் கொண்டு காசநோயால் வாடும் குழந்தைகளுக்கு உதவலாமே என்று அவர் எண்ணினார். 1904ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அந்த வில்லை முதன்முறையாக விற்பனைக்கு வந்தது. அப்போது டென்மார்க்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 25 லட்சம். விற்பனையான வில்லைகளோ 40 லட்சத்திற்கும் அதிகம்! அவ்வாறு சேர்ந்த பணத்தில் 1911ஆம் ஆண்டு கோல்டிங் என்னும் ஊரில் குழந்தைகளுக்கான காசநோய் இல்லம் எழுந்தது. இவ்வழக்கம் பல நாடுகளுக்குப் பரவிற்று. இந்தியாவிலும் 1950ஆம் ஆண்டு முதல் காசநோய் ஒழிப்புக்கென வில்லைகள் விற்கப்பட்டன.

காசநோய் நம் மூத்த தலைமுறையினர் நன்கு அறிந்த பகைவன். நெருக்கமான லயங்களில் அது எத்தனையோ குடும்பங்களைத் தாக்கியது. இன்றும் அது அழிந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் 26 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியிருக்கின்றனர். முறையாக மருந்து உட்கொண்டால் இது குணமாகும் நோய். ஆனால் மாதக்கணக்கில் மருந்தை நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும். மருந்துக்குச் செல்லும் அண்டை வீட்டாரை நம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்று வருவதும் ஒரு கிறிஸ்துமஸ் பரிசே அன்றோ?

அந்த எழுத்தர் செல்வந்தர் அல்லர். பலரின் சில காசுகள் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டுமே அவர் அறிந்திருந்தார். இந்த உண்மை நமக்கும் புதியதன்று. 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டியவர்களின் பத்து வெள்ளிகள் ஒரு தோட்டத்தையே வாங்க வல்லவை என்றால், ஒரு குழந்தையின் பள்ளிச் சீருடையை வாங்க வல்லவை அல்லவா?

கன்று ஈனும் பரிசு

இரண்டாவது செய்தி அமெரிக்க நாட்டிலிருந்து வருகிறது. டான் வெஸ்ட் என்னும் விவசாயி, 1930ஆம் ஆண்டுகளில் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரின்போது பசியால் வாடிய குழந்தைகளுக்குப் பால் பங்கிடும் பணியில் ஈடுபட்டிருந்தார். பால் குறைவு, குழந்தைகளோ அதிகம். இவர்களுக்கு ஒரு குவளைப் பாலைக் கொடுப்பதைவிட ஒரு பசுவைக் கொடுப்பது மேல் என்று அவர் உணர்ந்தார். நாடு திரும்பியதும் மற்ற விவசாயிகளிடம் இதனை எடுத்துரைத்தார். 1944ஆம் ஆண்டில் 17 கிடாரிகள் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டன.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் நிபந்தனையில் இருக்கிறது. பசுவைப் பெற்ற குடும்பம், அது ஈனும் முதல் பெண் கன்றை வேறோர் ஏழைக் குடும்பத்திற்குக் கொடுத்தல் வேண்டும். இதனால் நேற்றுப் பெற்றவர் இன்று கொடுப்பவர் ஆகிறார். கை நீட்டி வாங்கிய கூச்சம் அவர் மனத்தை விட்டு நீங்குகிறது. இப்போது உலகின் பல பகுதிகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பருக்குப் பொருள் வாங்குவதற்கு மாறாக, அவர் பெயரால் ஓர் ஆட்டையோ கோழிகளையோ ஏழைக் குடும்பத்திற்கு வழங்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது.

தோட்டப்புறத்தில் நாமும் இதனைச் செய்யலாம். நான்கு கோழிகளையோ, நல்ல பலா, எலுமிச்சை, முருங்கைக் கன்றுகளையோ அண்டை வீட்டாருக்குப் பரிசளித்து, பலன் கண்டதும் மற்றொரு வீட்டுக்கு ஒன்று கொடுக்குமாறு கேட்டுக் கொள்ளலாம். நம் பிள்ளைகளுக்கும் வளரும் பரிசைக் கொடுக்கலாம். தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்பில் பேரப்பிள்ளையின் பெயரால் ஒரு கணக்கைத் தொடங்கிச் சிறு தொகை செலுத்துங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அப்பிள்ளை கல்லூரி வாசலில் நிற்கும்போது, உடைந்து போன பொம்மையையா நினைவுகூரும்? தாத்தா கொடுத்த சேமிப்பை அன்றோ நினைவுகூரும்!

ஒரு பிடி அரிசி

கையில் பணமே இல்லை என்பவர்களுக்கும் வழி உண்டு. இந்தியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள மிசோரம் மலைநாட்டில், கிறிஸ்துவப் பெண்கள் 1910ஆம் ஆண்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும், குடும்பத்திற்கான அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தார்கள். வார இறுதியில் அதைச் சேகரித்து விற்று, அப்பணத்தை இறைப்பணிக்கும் எளியோருக்கும் செலவிட்டார்கள். அவர்களும் ஏழைகளே. இன்று அந்தப் பிடி அரிசி ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாகச் சேர்கிறது. தமிழ்நாட்டிலும் பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கம் கோயில்களிலும் தேவாலயங்களிலும் உண்டு. நம் பாட்டிமார் சிலர் அதைக் கப்பலேறியபோதே உடன் கொண்டு வந்தனர்.

இதனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம். நாளுக்கு இரு வேளைக்கு 100 கிராம். டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24ஆம் நாள் முடிய, ஒரு வீட்டில் 2 கிலோ 400 கிராம் சேரும். 40 வீடுகள் சேர்ந்தால் 96 கிலோ. எந்த வீட்டிலும் பசி இல்லை. ஆயினும், கணவனை இழந்த தாய், நோயுற்ற முதியவர், வேலையிழந்த குடும்பம் எனப் பத்து வீடுகளுக்கு ஆளுக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் அரிசி கிடைத்துவிடும். கொடுத்தவர் எவருக்கும் ஒரு காசு கடனில்லை.

துறைமுகத்தில் நிற்கும் அந்நியர்

நாம் கூடியிருக்கும் இந்த ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1901ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 1972ஆம் ஆண்டு வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட துறைமுகம் இது. நம் முன்னோரில் எத்தனையோ பேர் ஒரு தகரப் பெட்டியுடன், அறிமுகமான முகம் ஒன்றும் இன்றி இங்கே வந்து இறங்கினார்கள். இன்றும் இங்கே நங்கூரமிடும் கப்பல்களில், குடும்பத்தைப் பிரிந்து பல மாதங்கள் கடலிலேயே கழிக்கும் மாலுமிகள் இருக்கிறார்கள். அவர்களுள் இந்தியர், பிலிப்பினோக்கள், மியன்மார் நாட்டினர் எனப் பலரும் உளர். கிறிஸ்துமஸ் இரவிலும் சரக்கு ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும்தான் இருக்கும்.

நியூயார்க் நகரில் மாலுமிகளுக்கெனச் சேவை புரியும் திருச்சபை அமைப்பு ஒன்று, 1898ஆம் ஆண்டு முதல் இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வழங்கி வருகிறது. தன்னார்வலர்கள் தம் கையாலேயே பின்னிய கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியும்தான் அப்பரிசு. முகமறியாத மனிதனுக்காக ஒருவர் மாலைப் பொழுதுகளில் அமர்ந்து பின்னுகிறார். நம் கிள்ளான் வெயிலுக்குக் கம்பளித் தொப்பி வேண்டியதில்லைதான்! ஆனால், ஒரு பெட்டியில் சவர்க்காரம், பற்பசை, சிறிது முறுக்கு, பிள்ளைகள் எழுதிய வாழ்த்து அட்டை ஆகியவற்றை வைத்து, துறைமுக நகரத்துத் தேவாலயங்களின் வழியாக அவர்களுக்குச் சேர்ப்பிக்க நம்மால் இயலும். இறங்கிய நாளில் நம் முன்னோருக்குக் கிடைக்காத வரவேற்பை நாம் வேறொருவருக்குக் கொடுக்கலாம் அல்லவா?

பிள்ளைகள் ஏமாந்து போவார்களா?

பெற்றோர் ஒரு கேள்வி கேட்கக் கூடும். "ஊராருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, என் பிள்ளை வெறுங்கையோடு நிற்பதா?" நியாயமான கேள்வி. பிள்ளைக்கு ஒரு சிறு பரிசு கட்டாயம் கொடுங்கள். ஒரு புத்தகம், ஒரு பந்து, ஒரு புதிய சட்டை போதும். ஆனால், மற்றொரு பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசை உங்கள் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். குழந்தை கொடுப்பதில் காணும் மகிழ்ச்சி, பெறுவதில் காணும் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று என்பதை, ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் நான் துணிந்து கூறுவேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், செக்கோஸ்லோவாக்கியா நாட்டில் யுனிசெப் நிறுவனத்தின் உதவியைப் பெற்ற கிராமத்தில், யித்கா என்னும் ஏழு வயதுச் சிறுமி நன்றி தெரிவித்து ஓர் ஓவியம் தீட்டினாள். தாள் கிடைக்காததால் கண்ணாடித் துண்டில் தீட்டினாள். 1949ஆம் ஆண்டில் அந்த ஓவியமே யுனிசெப்பின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. அதன் பிறகு விற்பனையான அட்டைகள் எத்தனையோ நாட்டுக் குழந்தைகளுக்குப் பாலும் மருந்தும் ஆயின. உதவி பெற்ற குழந்தையே உலகத்திற்குக் கொடுத்த பரிசு அது.

கொடுக்கும் முறை

எதைக் கொடுக்கிறோம் என்பதைப் போலவே, எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். பின்வருவனவற்றை நினைவில் இருத்துங்கள்.

முதலாவது, தேவையைக் கேட்டறியுங்கள். அரிசி இருக்கும் வீட்டுக்கு அரிசியும், கண்ணாடி இல்லாமல் கரும்பலகையைப் படிக்க இயலாத பிள்ளைக்குப் பொம்மையும் கொடுப்பதால் பயனில்லை. பள்ளி திறக்கும் வேளையில் அரசாங்கம் ஒவ்வொரு மாணவருக்கும் 150 வெள்ளி உதவித்தொகை வழங்கி வருகிறது. அதற்கு மேலும் தேவைப்படும் பிள்ளைகள் யார் யார் என்பதைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் அறிவர். அவர்களிடம் கேளுங்கள்.

இரண்டாவது, நாமே உடுத்தத் தயங்கும் கிழிந்த துணியையும், ஓடாத கடிகாரத்தையும் தருமம் என்று கொடுக்காதீர்கள். அது குப்பையை இடம் மாற்றுவதே ஆகும்.

மூன்றாவது, பெறுபவரை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து ஊருக்குக் காட்டாதீர்கள். புனித நிக்கலஸ் இரவில் சென்றதற்குக் காரணம் இருந்தது.

நான்காவது, ஏமாறாதீர்கள். பெருநாள் காலத்தில் வீடு வீடாக வந்து நன்கொடை கேட்போரும், கைப்பேசி வழியாகக் கண்ணீர்க் கதை அனுப்புவோரும் பெருகுவர். வீடுதோறும் நிதி திரட்டுவதற்குச் சட்டப்படி அனுமதி தேவை. அனுமதிக் கடிதத்தையும், சங்கத்தின் பதிவு எண்ணையும், ரசீதையும் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நேர்மையானவர் மகிழ்ச்சியுடன் காட்டுவார்.

ஐந்தாவது, பணம் இல்லாதவரும் கொடுக்கக்கூடிய உயர்ந்த பரிசு ஒன்று உண்டு. அது இரத்தம். பெருநாள் விடுமுறைகளில் இரத்த தானம் செய்வோர் தொகை குறைகிறது. சாலை விபத்துகளோ கூடுகின்றன. உடல்நலமுள்ள பெரியவர்கள் அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவரின் சோதனைக்குப் பின் இரத்தம் கொடுக்கலாம். அந்த இரத்தம் யார் உடலில் ஓடும் என்பதைக் கொடுத்தவர் அறியார். கொடுத்தவரின் இனத்தையும் சமயத்தையும் பெறுபவர் அறியார். இதைவிடச் சிறந்த பெருநாள் பரிசு வேறு எது?

பெருமக்களே, இவ்வாண்டு கடைக்குள் நுழையும்முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். இது யாருக்காவது தேவைப்படுகிறதா? இதனால் என் குடும்பம் கடன்படுமா? இதைப் பெறுபவர் நிமிர்ந்து நின்று பெற்றுக்கொள்ள முடியுமா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின், அப்பொருளை மனமார வாங்குங்கள். கிடைக்கவில்லையெனில், அதற்கென வைத்த பணத்தில் பத்து வெள்ளியையாவது ஒரு பிள்ளையின் கறுப்புக் காலணிக்காக எடுத்து வையுங்கள். ஐந்து குடும்பங்கள் அவ்வாறு செய்தால், பள்ளி திறக்கும் நாளில் நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்று மற்றவர்களுக்குச் சமமாக வகுப்பறைக்குள் நடந்து செல்லும்.